நாற்பத்தாறு ஓட்டங்களும் ஒரு கணக்கு நோட்டும்: பெங்களூரு டெஸ்ட் நாட்குறிப்பு

அக்டோபர் 16, 2024, புதன்

நேற்று மாலை காட்பாடியில் ரயில் ஏறியபோது தூறலாக இருந்த மழை, ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் ஜன்னலை இறக்க வைத்தது; பங்காருப்பேட்டையில் கொட்டித் தீர்த்தது. எதிர் இருக்கைப் பெரியவர் என் மடியில் இருந்த நீளமான நோட்டைப் பார்த்துவிட்டு, தணிக்கை வேலையாகப் போகிறேனா என்று கேட்டார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள் நான். ஆனால் இந்த நோட்டு கிரிக்கெட்டுக்கானது. டெஸ்ட் பார்க்கப் போனால் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பார்த்த நிறைவே எனக்கு வருவதில்லை. ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு ஒரு பெருக்கல் குறி, ஓட்டமே இல்லாமல் முடிந்த ஓவருக்கு ஆறு புள்ளிகளையும் இணைக்கும் ஒரு கோடு.

போன மாதம் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக ஆறு விக்கெட்டுகள் 144 ஓட்டங்களுக்குப் போன நிலையில் அஸ்வின் இறங்கி 113 அடித்ததும், பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 88 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகள் எடுத்ததும் இதே நோட்டின் முற்பக்கங்களில் இருக்கின்றன. அந்தச் சூட்டிலேயே நியூசிலாந்துத் தொடரின் முதல் டெஸ்ட்டுக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டேன். அஸ்வின் பந்துவீசுவதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு காரணம் கற்பிக்க மனம் வராது.

கண்டோன்மென்ட் நிலையத்தில் சித்தப்பா குடையோடு நின்றிருந்தார். அவருடைய வீடு அல்சூரில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பு அமைத்தபோது, படையோடு வந்த சிப்பாய்களும் கொத்தனார்களும் கடைக்காரர்களுமாகத் தமிழர்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறினார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. சித்தப்பாவின் பேச்சில் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். காய்கறிக்காரரிடம் கன்னடம், சித்தியிடம் தமிழ், தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது யாருக்கும் புரியாத ஒரு கலவை.

அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிலையம் கப்பன் பார்க். அங்கிருந்து சின்னசாமி மைதானம் நடை தூரம்தான். காலை முழுவதும் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆடுகளமும் அதைச் சுற்றிய பகுதியும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க, நாங்கள் கூரைக்கு அடியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த மைதானத்தின் புல்லுக்கு அடியில் குழாய்களைப் பதித்து, மோட்டார் வைத்து நீரை உறிஞ்சி எடுக்கும் அமைப்பு உண்டு. மழை நின்ற சிறிது நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம் என்பது அதன் பெருமை. மழை நிற்காவிட்டால் எந்த அமைப்பும் ஒன்றும் செய்வதற்கில்லை. பிற்பகலில் நடுவர்கள் இன்றைய ஆட்டத்தைக் கைவிட்டார்கள். டாஸ் கூடப் போடப்படவில்லை.

காத்திருந்த நேரம் வீண் போகவில்லை. சித்தப்பா 1974 நவம்பரில் இங்கே நடந்த முதல் டெஸ்ட்டைப் பார்த்தவர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. மேற்கிந்தியத் தீவுகளுக்காக விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் அறிமுகமான ஆட்டம் அது. கிரீனிட்ஜ் முதல் இன்னிங்ஸில் 93, இரண்டாவதில் 107 அடித்தார். ரிச்சர்ட்ஸ் இரண்டு முறையும் சந்திரசேகரிடம் ஒற்றை இலக்கத்தில் வெளியேறினார். "அந்தப் பையன் தேற மாட்டான்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சத்தியம் பண்ணேம்மா" என்று சித்தப்பா சொன்னபோது முன்வரிசையில் இருந்த இருவரும் திரும்பிச் சிரித்தார்கள். அவர்களும் தமிழர்கள்தான், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள்.

அக்டோபர் 17, வியாழன்

இன்று அனில் கும்ப்ளேவின் பிறந்தநாள். மைதானத்துக்கு அருகிலேயே அவர் பெயரில் ஒரு சந்திப்பு இருப்பதால், அதைக் கடந்து போகும்போது சித்தப்பா நல்ல சகுனம் என்றார். சகுனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று மாலைக்குப் பிறகு சித்தப்பாவுக்கும் இல்லை.

ரோஹித் சர்மா டாஸ் வென்று பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். மேகம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது; ஆடுகளம் நாள்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்திருந்தது. மூடியிருக்கும் ஆடுகளத்தின் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அதில் பந்தின் தையல் குத்தி விழும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பது வீசியவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட காலையில் இந்தியா மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கி, முதலில் பேட் செய்வதாகச் சொன்னது. ஆடுகளம் போகப் போக வறண்டு சுழலும், நான்காவது இன்னிங்ஸில் அஸ்வினும் ஜடேஜாவும் குல்தீப்பும் முடித்துவைப்பார்கள் என்ற கணக்காக இருக்க வேண்டும். உள்ளூர் ஆட்டங்களில் பத்தில் ஒன்பது முறை சரியாக வரும் கணக்குதான். நானும் டாஸின்போது கைதட்டினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

நியூசிலாந்தின் டிம் சௌதி வீசிய பந்தை இறங்கி வந்து அடிக்கப் போன ரோஹித் பௌல்டு ஆனார். கழுத்துப் பிடிப்பால் சுப்மன் கில் ஆடாததால் மூன்றாவது இடத்தில் கோலி இறங்கினார். மைதானம் எழுந்து நின்றது. அது இங்கே வழக்கம், அவர் தண்ணீர் குடித்தாலும் எழுந்து நிற்பார்கள். வில் ஓரூர்க் நெடிய உருவம். அவர் நல்ல அளவில் குத்திய பந்து எதிர்பாராத உயரத்துக்கு எழும்பிக் கோலியின் கையுறையில் பட்டு லெக் கல்லிக்குப் போனது, பிலிப்ஸ் பிடித்தார். நான் பெருக்கல் குறி போட்டு முடிப்பதற்குள் சர்ஃபராஸ் அடித்த பந்தை மிட் ஆஃபில் கான்வே பாய்ந்து பிடித்தார். 10 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள். இடையில் ஒரு தூறல் வந்து ஆட்டத்தைச் சற்று நிறுத்தியது. நேற்று மழையைச் சலித்துக்கொண்டவர்களே இன்று அது தொடராதா என்று வேண்டினார்கள்.

உணவு இடைவேளையின்போது 34 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள். ராகுலும் ஜடேஜாவும் கூட ஓட்டமில்லாமல் போயிருந்தார்கள். அடுத்து வருபவர் அஸ்வின். சேப்பாக்கத்திலும் ஆறு விக்கெட்டுகள் போன பிறகுதானே வந்தார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, நோட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு எலுமிச்சைச் சாதம் வாங்க எழுந்து போனேன். வரிசை நீளமாக இருந்தது. பாதியிலேயே திரும்பியிருக்க வேண்டும், பசி விடவில்லை. இரண்டு பொட்டலங்களோடு படியேறும்போது மைதானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை ஆரவாரம் என்று சொல்ல முடியாது. சோற்றுப் பானை கைதவறி விழுந்தால் வீட்டில் இருப்பவர்கள் எழுப்பும் சத்தம்தான் அது.

இடைவேளைக்குப் பிந்தைய முதல் பந்திலேயே மேட் ஹென்றியிடம் அஸ்வின் கல்லியில் பிடிகொடுத்துவிட்டார். காட்பாடியிலிருந்து வந்த நான், அஸ்வின் சந்தித்த ஒரே பந்தைப் பார்க்கவில்லை.

இருக்கைக்குத் திரும்பியபோது சித்தப்பா ஒன்றும் பேசாமல் நோட்டை நீட்டினார். அந்தப் பந்துக்கான கட்டத்தை அவரே நிரப்பியிருந்தார். என் பென்சில் கீழே உருண்டு போயிருந்ததால், சட்டைப் பையில் இருந்த நீலப் பேனாவால், சிறு கட்டத்துக்குள் அடங்காத பெரிய பெருக்கல் குறியாக. மங்கலான பென்சில் புள்ளிகளுக்கு நடுவே அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

46 ஓட்டங்களுக்கு எல்லாரும் அவுட். இந்திய மண்ணில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர் இது. இதற்கு முன்பு 1987இல் தில்லியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் எடுத்த 75தான் அந்த இடத்தில் இருந்தது. ஐந்து பேர் ஓட்டமே எடுக்கவில்லை. ரிஷப் பந்த் எடுத்த 20தான் அதிகபட்சம். ஹென்றிக்கு 15 ஓட்டங்களுக்கு 5, ஓரூர்க்குக்கு 22க்கு 4, சௌதிக்கு ஒன்று. நியூசிலாந்து கேப்டன் டாம் லேதமுக்கு நான்காவது பந்துவீச்சாளரை அழைக்க வேண்டிய தேவையே வரவில்லை. 31.2 ஓவர்களில் முடிந்த அந்த இன்னிங்ஸ் என் நோட்டில் அரைப் பக்கம் கூட நிரம்பவில்லை. முழு இன்னிங்ஸுக்கு நான் எப்போதும் நான்கு பக்கங்கள் ஒதுக்குவேன். மீதி மூன்றரைப் பக்கங்களையும் தாண்டி நியூசிலாந்தை எழுத மனமில்லாமல், அடுத்த பக்கத்திலேயே தொடங்கினேன்.

பிற்பகலில் அதே ஆடுகளத்தில் கான்வே 91 அடித்தார். அவர் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப் போய் அஸ்வினிடம் பௌல்டு ஆனபோது நான் இருக்கையிலேயே இருந்தேன், கண் இமைக்காமல். ஜடேஜா வீசிய பந்து ஒன்று விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த்தின் முழங்காலில் பட்டது. கார் விபத்துக்குப் பிறகு அறுவை செய்யப்பட்ட அதே கால். அவர் நொண்டியபடி வெளியேற, துருவ் ஜுரெல் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ஆட்ட முடிவில் நியூசிலாந்து 3 விக்கெட்டுகளுக்கு 180.

ஆடுகளத்தைத் தவறாகக் கணித்துவிட்டதாக ரோஹித் மாலையில் ஒப்புக்கொண்டதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். சித்தி மட்டும் நிதானமாக, "மழை பெய்யுதுன்னு எனக்கே தெரிஞ்சுது" என்றார்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று காலை ஏழாவது விக்கெட் 233இல் விழுந்தபோது, முன்னிலையை இருநூறுக்குள் நிறுத்திவிடலாம் என்று எல்லாரும் கணக்குப் போட்டோம். எட்டாவது விக்கெட்டுக்கு ரச்சின் ரவீந்திராவும் சௌதியும் சேர்ந்து 137 ஓட்டங்கள் எடுத்தார்கள். சௌதி பேட்டைச் சுழற்றிய விதத்தில் நான்கு சிக்ஸர்கள் பறந்தன, மொத்தம் 65. ரச்சின் 134.

ரச்சினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வரிசையில் இன்று நடந்த சண்டை அவரைப் பற்றியதுதான். அவருடைய பெற்றோர் பெங்களூருக்காரர்கள்; நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகு 1999இல் வெலிங்டனில் அவர் பிறந்தார். கடந்த ஆண்டு உலகக் கோப்பையில் இதே மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சதம் அடித்தபோதே கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. இன்றும் சதத்தை எட்டியபோது, இந்தியா நொறுங்கிக்கொண்டிருப்பதை ஒரு நிமிடம் மறந்து, பாதி மைதானம் எழுந்து நின்றது. சித்தப்பாவும் எழுந்தார். "நம்ம ஊர்ப் பையன்" என்றார்.

அவர் சி.எஸ்.கே. பையன் என்று நான் வாதிட்டேன். இந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் மஞ்சள் சட்டை போட்டவர். இந்தத் தொடருக்கு முன்பு சென்னைக்கு வந்து அங்குள்ள சி.எஸ்.கே. பயிற்சிக்கூடத்தில் செம்மண்ணிலும் கரிசல் மண்ணிலும் சுழற்பந்தை ஆடிப் பழகியவர். இன்று குல்தீப்பையும் ஜடேஜாவையும் பின்காலில் அவ்வளவு சாவகாசமாக ஆடியதில் அந்தப் பயிற்சிக்கும் பங்கு உண்டு என்பேன். அதாவது நம்மை அடிப்பதற்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தங்கவயல்காரர்களில் ஒருவர் என் பக்கம் சேர்ந்தார். மற்றவர், அவர் சட்டையில் இருப்பது நியூசிலாந்துக் கறுப்புத் தொப்பிக்காரர்களின் சின்னம், இருவரும் வாயை மூடுங்கள் என்றார்.

சற்று நேரம் கழித்து, தேநீர் இடைவேளையில், சித்தப்பா என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் பொறந்து வளர்ந்தது அல்சூர். அறுபத்தாறு வருஷமாச்சு. இன்னைக்கும் புதுசா யாராவது என்னைப் பாத்தா, நீங்க எந்த ஊருன்னுதான் கேக்கறாங்க. அந்தப் பையன் பொறந்தது கடல் தாண்டி. அவனை யாரும் கேக்கல பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். வருத்தம் என்று சொல்வதற்கில்லை. அவரும் அந்தப் பையனுக்காக எழுந்து நின்றவர்தானே.

நியூசிலாந்து 402 எடுத்து 356 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. அஸ்வின் 16 ஓவர்களில் 94 ஓட்டங்கள் கொடுத்து ஒரே விக்கெட். அந்த வரியைக் கூட்டிச் சரிபார்க்கும்போது, தவறு என்னுடையதாக இருக்கக்கூடாதா என்று இரண்டு முறை கூட்டினேன்.

மாலையில் இந்தியா வேறு அணியாக இறங்கியது. ரோஹித் 52 எடுத்திருந்தபோது, அஜாஸ் படேலின் பந்தை ஒழுங்காகத் தடுத்தும், அது பின்னால் உருண்டு போய் ஸ்டம்பைத் தொட்டது. கோலி டெஸ்ட்டில் 9,000 ஓட்டங்களைக் கடந்தார். டெண்டுல்கர், திராவிட், கவாஸ்கருக்குப் பிறகு நான்காவது இந்தியர். அவரும் சர்ஃபராஸும் அடித்த வேகத்தில் என் பென்சில் முனை இரண்டு முறை உடைந்தது. நாளின் கடைசிப் பந்தில், 70இல், பிலிப்ஸின் பந்தைத் தொட்டுக் கோலி விக்கெட் கீப்பரிடம் பிடிகொடுத்தார். மைதானத்தை விட்டு வெளியே வரும் வரை யாரும் பேசவில்லை. கப்பன் பார்க் நிலையத்தின் நகரும் படியில் முதுகில் கோலியின் பதினெட்டு எண் போட்ட சட்டைகள் வரிசையாக அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தன. 3 விக்கெட்டுகளுக்கு 231.

அக்டோபர் 19, சனி

இப்படி ஒரு முற்பகலை எத்தனை முறை காணக் கிடைக்கும் என்று தெரியவில்லை. வியாழக்கிழமை ஓட்டமே எடுக்காத சர்ஃபராஸ், தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். ஸ்லிப்புக்கும் கல்லிக்கும் இடையே, பந்து தன்னைக் கடந்த பிறகு மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பின்னால் தேர்ட் மேன் பக்கம் அனுப்பும் அந்த அடியை நோட்டில் எப்படிக் குறிப்பது? '4' என்று எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. ஓர் ஓட்டத்துக்குப் பந்த் பாதி ஓடி வந்துவிட, வேண்டாம் என்று கத்தியபடி சர்ஃபராஸ் ஆடுகளத்தில் குதித்த குதியை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. மொத்த மைதானமும் சேர்ந்து கத்தியது. பந்த் எப்படியோ திரும்பிப் போய்ச் சேர்ந்தார்.

உணவு இடைவேளைக்கு முன்பு மழை வந்தது, போனது. நான் எழுந்து போகவில்லை. சித்தி கட்டிக் கொடுத்த புளியோதரையை வெளியே நின்று தின்று முடித்துவிட்டுத்தான் காலையில் உள்ளே நுழைந்திருந்தேன்.

முழங்கால் வீக்கத்தோடு இறங்கிய பந்த், சௌதியின் பந்தை எங்களுக்கு எதிர்ப்புறக் கூரை மேல் போட்டார். இருவரும் சேர்ந்து 177. முன்னிலையை அழித்து, மேலேயும் போய்விட்டோம். 408க்கு மூன்று விக்கெட்டுகள் என்ற நிலையில், ஒரு நாள் முன்பு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த கூட்டம் ஐந்தாம் நாள் சுழலைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. நானும்தான். முந்நூறு இலக்கு வைத்து, அஸ்வின் கையில் பந்தைக் கொடுத்து, சுற்றிலும் நான்கு பேரை நிறுத்தி.

எண்பது ஓவர் ஆனதும் எடுத்த புதுப்பந்து அதையெல்லாம் கலைத்தது. சர்ஃபராஸ் 150இல் போனார். பந்த் 99இல் இருந்தபோது ஓரூர்க்கின் பந்து உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பைச் சாய்த்தது. கடைசி ஏழு விக்கெட்டுகளும் 54 ஓட்டங்களுக்குள் விழுந்தன; அஸ்வின் 15. மொத்தம் 462, இலக்கு 107.

பும்ரா நான்கே பந்துகள் வீசினார். வெளிச்சம் போதாதென்று நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ரோஹித்தும் கோலியும் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே வானம் இருண்டு பெருமழை இறங்கியது. வாதம் அதோடு முடிந்தது. நோட்டில் நான்கு புள்ளிகள். இரண்டு கட்டங்கள் காலி.

அக்டோபர் 20, ஞாயிறு

மைதானம் காயவில்லை, ஆட்டம் 10.15க்குத்தான் தொடங்கியது. காத்திருந்தவர்கள் பாடினார்கள், கைகோத்து அலை எழுப்பினார்கள். மீதமிருந்த இரண்டாவது பந்தில் பும்ரா லேதமை எல்.பி.டபிள்யூ. ஆக்கியபோது எழுந்த சத்தத்தை அல்சூரில் சித்தி கேட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பும்ராவும் சிராஜும் வீசிய வீச்சில், 107 என்பது இருநூற்றேழு போலத் தெரிந்தது. கான்வேயும் பும்ராவிடமே போனார். இன்னும் ஒரே ஒரு விக்கெட், பிறகு பார் என்று தங்கவயல்காரர் ஒவ்வொரு பந்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒன்று வரவில்லை.

வில் யங்கும் ரச்சினும் நின்றுவிட்டார்கள். ஜடேஜா வந்தார், குல்தீப் வந்தார். அஸ்வினுக்கு இரண்டே ஓவர்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு. பந்து பழசாகாத, ஈரம் காயாத காலையில் வேகப்பந்தை நம்பியது சரிதான் என்று எனக்கும் புரிகிறது. ஆனாலும் இரண்டே ஓவர் என்பதற்கு எனக்கு இன்னும் சமாதானம் கிடைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பந்துகளையும் தலை குனியாமல் பார்த்துவிட்டு, பிறகு சித்தப்பாவைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

எட்டு விக்கெட் வெற்றி. 1988இல் மும்பையில் வென்ற பிறகு இந்தியாவில் நியூசிலாந்துக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி இது. ஆட்டநாயகன் ரச்சின். கூட்டத்தில் பெரும்பாலோர் அதற்குள் கலைந்துவிட்டார்கள். சித்தப்பா நின்று கைதட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த டெஸ்ட் 24ஆம் தேதி புனேயில். எனக்கு விடுப்பு இல்லை. மூன்றாவது மும்பையில் நவம்பர் 1, தீபாவளிக்கு மறுநாள். கண்டோன்மென்ட் நிலையத்தில் ரயில் கிளம்பும்போது சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டார்: "தீபாவளி எண்ணெய்க் குளியலை முடிச்சிட்டு வண்டி ஏறினா மறுநாள் டாஸுக்குப் போய்ச் சேந்துடலாம். உங்கப்பாகிட்ட நான் பேசவா?" நான் பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

குப்பம் தாண்டும்போது நோட்டை எடுத்து ஐந்து நாள் கணக்கையும் சரிபார்த்தேன். இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் அஸ்வினுக்கு நேராக இருக்கும் அந்த ஒற்றைக் கட்டத்தை மட்டும் பென்சிலுக்கு மாற்றிவிடலாம் என்று ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். பேனா மை போகவில்லை, தாள்தான் மெலிந்தது. சித்தப்பா அழுத்தி எழுதியிருந்ததால், பக்கத்தைத் திருப்பினால் கான்வேயின் 91க்கு நடுவிலும் அந்தப் பெருக்கல் குறியின் தடம் மேடாக விரலில் தட்டுப்படுகிறது.